வேண்டாவின் சாட்சி

வேண்டாவின் வலது கைச் சுண்டுவிரல் முழுசாக நீளாது. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவள் தம்பி தமிழ்வாணன் கதவிடுக்கில் வைத்து நசுக்கிய விரல் அது. கூடப் படிக்கிற பையன் ஒருவனோடு பேருந்து நிறுத்தத்தில் நின்று பேசினாள் என்பது குற்றம். வயதில் சின்னவன்தான். ஆனாலும் அந்த வீட்டில் கை ஓங்கும் உரிமை அப்பாவுக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் இருந்தது. அவன் கதவைத் தள்ளி அழுத்தியபோது அப்பா முனிசாமி கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலும்பு முறிந்த சத்தம் அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"போதும் வுடுறா. நாளிக்கு ஸ்கூலுக்குப் போவணும் அது" என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

படாளத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் நஞ்சை நிலமும் ஒரு லாரியும் இருந்தன. முதல் இரண்டும் பெண்ணாகிவிட, மூன்றாவதும் பெண் என்று தெரிந்ததும் இந்தப் பெயரை வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. பிறந்தான். அவன் வளர வளர வீட்டில் அடியும் வளர்ந்தது. அம்மா வசந்தா அடி வாங்கிய மறுநாள் நெற்றியில் பத்துப் போட்டுக்கொண்டு களை எடுக்கப் போவாள். அக்காக்கள் இருவரும் கல்யாணமாகிப் போனது தப்பித்துப் போனது போலத்தான் வேண்டாவுக்குப் பட்டது.

அவளுக்குத் தப்பிக்கக் கிடைத்த வழி கம்ப்யூட்டர். உதவித்தொகையில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழி அவளுக்குப் பிடித்துப்போனது. தப்பாக எழுதினால் அது தப்பு என்று சொல்லும். எந்த வரியில் என்றும் சொல்லும். அதற்காக யாரும் கையை ஓங்கமாட்டார்கள்.

கல்லூரியின் கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில்தான் ஜெபக்குமாரைப் பார்த்தாள். ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகி மூன்றாவது வரிசை கம்ப்யூட்டர்கள் நனைந்துகொண்டிருந்தன. அதைப் பழுது பார்க்க வந்து ஏணி போட்டு ஏறியவன் கீழே நின்றவளைப் பார்த்து, "எம்மா, அந்த ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு நவுந்துக்க. ஷாக் அடிச்சி வச்சா எம்மேல கேஸ் ஆயிடும்" என்றான். அவள் சிரித்துவிட்டாள். பேச்சு வளர்ந்தபோதுதான் அவனும் படாளம் என்று தெரிந்தது. ஊர்ப்பக்கம் இல்லை, காலனிப் பக்கம். அவன் அம்மா ரெபேக்காள், முனிசாமியின் நிலத்தில் நாற்று நட்டவள். வேண்டா சின்னப் பெண்ணாக இருந்தபோது வரப்பில் அவளைப் பார்த்திருக்கிறாள்.

இது வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தது, நடந்தது. மதுராந்தகம் பேருந்து நிலையத்தில் வைத்து தமிழ்வாணனும் அவன் கூட்டாளிகளும் ஜெபக்குமாரை இரும்புக் குழாயால் அடித்தார்கள். காறை எலும்பு முறிந்தது. பட்டப்பகல், பேருந்துக்கு நின்றவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அதே நாள் சாயங்காலம் வீட்டில் வேண்டாவின் தலைமுடியை அம்மாவைவிட்டே வெட்ட வைத்தான் தமிழ்வாணன். வசந்தா அழுதுகொண்டே வெட்டினாள். கத்தரிக்கோல் காதோரம் இரண்டு இடத்தில் கிழித்தது.

முடி கொஞ்சம் வளரும்வரை காத்திருந்தாள் வேண்டா. பிறகு கல்லூரிச் சான்றிதழ்களை வயிற்றில் கட்டிக்கொண்டு, கொல்லைப்புறம் போவதுபோல் போய், கரும்புத் தோட்டத்துக்குள் நுழைந்து சென்னை போகும் ஜி.எஸ்.டி. சாலைக்கு ஓடினாள். பதிவுத் திருமணம் நடந்தது. காவல் நிலையத்தில் பாதுகாப்புக் கேட்டபோது, "ரெண்டு பக்கமும் பேசித் தீத்துக்குங்களேம்மா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, ரெபேக்காளோடு மூவரும் கடற்கரைப் பக்கம் வந்தார்கள். புதுப்பட்டினத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடு. ரெபேக்காளுக்கு அணுமின் நிலைய ஊழியர்களின் அணுபுரம் குடியிருப்பில் வீட்டு வேலை கிடைத்தது. ஜெபக்குமார் மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள விடுதிகளுக்கு ஏசி பார்க்கப் போனான். வேண்டாவுக்குச் செங்கல்பட்டில் இனியன் என்பவர் நடத்திய சின்ன கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதுதான் அவளுக்கு முக்கியம். எப்போதாவது ஆபீசுக்குப் போக வேண்டி வந்தால் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு போவாள். பழைய சிம் கார்டைக் கடலில் எறிந்துவிட்டாள். அம்மாவுக்குக்கூடப் போன் செய்யவில்லை. எங்கும் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

அந்த வீட்டில்தான் அவள் முதல்முறையாகப் பயமில்லாமல் சாப்பிட்டாள். தட்டில் வைத்ததைத் தின்று முடிக்கும்வரை ரெபேக்காள் எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

"இன்னா கண்ணு, கோழி மாரி கொறிச்சிகினு கீற. நல்லா துன்னு. பொட்டி தட்டுறதுக்கும் தெம்பு வேணும்."

ரெபேக்காளுக்கு முட்டிவலி. படியேறி இறங்கி வீடு கூட்டும் வேலை அதை மோசமாக்கியிருந்தது. முட்டிக்கு மாட்டும் பட்டை ஒன்றை வேண்டா இணையத்தில் வாங்கினாள். இனியனின் கம்பெனி மென்பொருள் எழுதிக்கொடுத்திருந்த பார்சல் நிறுவனம் வழியாகத்தான் அது வந்தது. வீட்டு விலாசம் வெளியே போகக்கூடாது என்பதால் மார்க்கெட்டில் உள்ள செல்லம்மாவின் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வதாகப் போட்டாள். பார்சல் மேல் ரெபேக்காள் பெயர் மட்டும் இருக்கும். கணக்குத் தொடங்கும்போது கேட்ட சொந்தப் பெயர், தகப்பன் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும், டிரைவருக்குக் காட்டாது. கம்பெனி அந்த நிறுவனத்துக்கு எழுத்திலேயே அப்படி உறுதி கொடுத்திருந்தது. வேண்டா அந்த மென்பொருளில் வரைபடத் திரைகளை எழுதியவள். மற்ற பகுதிகள் அவள் வருவதற்கு முன்பே இனியன் எழுதியவை.

அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அப்பா லாரியை விற்றுவிட்டார். தமிழ்வாணன் அந்தப் பார்சல் நிறுவனத்தில் வேன் ஓட்டச் சேர்ந்திருந்தான்.

அன்றைக்குக் காலையில் ஜெபக்குமார் வேலைக்குப் போயிருந்தான். ரெபேக்காளுக்கு முட்டிவலி அதிகமாகி லீவு. ஒத்தடம் கொடுக்க வேண்டா பெரிய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கொதி வந்துவிட்டது. வாசலில் யாரோ "பார்சல்" என்று கூப்பிட்டார்கள்.

"எம் முட்டிப்பட்ட வந்துடுச்சி போல. வூட்டுக்கே எடுத்தாந்துட்டான் பாரு" என்று ரெபேக்காள் காலை இழுத்து இழுத்துப் போய்க் கதவைத் திறந்தாள்.

"வேண்டா உள்ள கீதா?"

அது தமிழ்வாணனின் குரல் என்று வேண்டாவுக்குப் புரிந்தது. ரெபேக்காளுக்கும் ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. அவன் கையில் இருந்தது நீளமான அட்டைப்பெட்டி. அதை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான்.

"ஐயோ, தம்பி... வாணாம்பா. வூட்ல யாரும் இல்லப்பா" என்றாள் ரெபேக்காள். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்தபடி நின்றாள். பிறகு தலையைத் திருப்பாமல் பின்பக்கமாகக் கத்தினாள்: "கண்ணு, கொல்லப்பக்கம் ஓடு!"

அட்டைப்பெட்டி கீழே விழுந்தது. உள்ளே இருந்தது வெட்டுக்கத்தி. முதல் வெட்டு ரெபேக்காளின் கையில் விழுந்தது. அவள் நிலையை விடவில்லை. இரண்டாவது தோளில். அப்போதும் விடவில்லை. "நைனா, வாணாம்... நைனா, வாணாம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது வெட்டு கழுத்தில் இறங்கியபோதுதான் கைகள் நழுவின. அவள் மேல் கால் வைத்து மிதித்துக்கொண்டு அவன் உள்ளே வந்தான்.

வேண்டா ஓடவில்லை. ஓட நினைத்தாளா என்பதுகூடப் பிறகு அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வெறுங்கையால் பாத்திரத்தை விளிம்போடு பிடித்துத் தூக்கி, கொதிக்கிற தண்ணீரை அவன் முகத்தில் வீசினாள். அவள் உள்ளங்கைத் தோல் பாத்திரத்தோடு ஒட்டி உரிந்து வந்தது. அவன் அலறினான். கண் தெரியாமல் கத்தியைச் சுழற்றினான். அது அவள் இடது முழங்கைக்குக் கீழே பாளமாக இறங்கியது. காலிப் பாத்திரத்தால் அவன் தலையில் அடித்தாள். அவன் மண்டியிட்டான். மறுபடியும் அடித்தாள். எத்தனை முறை என்று தெரியாது. பாத்திரம் நசுங்கி வடிவம் இழந்துவிட்டது. அடிக்கும்போது அவள் வாயிலிருந்து வார்த்தை எதுவும் வரவில்லை. ஒரு விலங்கு மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம்தான் வந்தது என்று பிறகு செல்லம்மா சொன்னாள்.

அலறல் கேட்டு மார்க்கெட்டிலிருந்து முதலில் ஓடிவந்தவள் செல்லம்மாதான். மீன் விற்கிற பெண்கள் பின்னால் வந்தார்கள். தவழ்ந்து வெளியே போய் வேனில் ஏறப் பார்த்தவனைப் பிடித்துத் தெருவில் தள்ளி, மீன் கூடை கட்டுகிற நைலான் கயிற்றால் கட்டினார்கள். ஒருத்தி அவன் வாயில் செருப்பால் அடித்துக்கொண்டே இருந்தாள்; யாரும் தடுக்கவில்லை.

ரெபேக்காளின் தலையை மடியில் வைத்து, புடவையைச் சுருட்டிக் கழுத்தில் அழுத்திக்கொண்டே ஆம்புலன்சில் போனாள் வேண்டா. திருக்கழுக்குன்றம் தாண்டுமுன்பே அழுத்திய இடத்தில் துடிப்பு நின்றுவிட்டது. அவள் கையை எடுக்கவில்லை. செங்கல்பட்டு வந்ததும் விரல்களைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

பிணவறைக்கு வெளியே ஜெபக்குமார் அவள் பக்கத்தில் வந்து நின்றான். அவன் அழவில்லை. அவள் கட்டுகளைப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"அவனுக்கு எப்டி தெரிஞ்சிது?"

"தெரியல ஜெபா."

"உங்கம்மாவுக்குப் போன் கீன் பண்ணியா?"

"இல்ல."

"ஒரு தபா. ஒரே ஒரு தபா. அம்மா ஞாபகம் வந்து பேசிட்டியா? சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சத்தியமா இல்ல ஜெபா."

அவன் தலையாட்டினான். ஆனால் நம்பவில்லை. புதைத்துவிட்டு வந்த பிறகும் நம்பவில்லை. அவளுக்குச் சாப்பாடு ஊட்டினான், கட்டு மாற்ற அழைத்துப்போனான், கண்ணை மட்டும் பார்க்கவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஒரு கண்ணாடி டம்ளரைச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டு, "சொந்த ஊர்லயே கூலி வேல செஞ்சிகினு உயிரோட கீந்திருக்கும் எங்கம்மா" என்று கத்தினான்.

அன்றைக்கு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். இடது கையில் தையல், இரண்டு உள்ளங்கையிலும் புண். பென்சிலை விரலிடுக்கில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தித் தட்டினாள். தமிழ்வாணன் வந்தது அந்தப் பார்சல் நிறுவனத்தின் வேனில்; விலாசத்தை அவன் எங்கிருந்து எடுத்தான் என்பது தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் இந்த வீட்டில் இனி அவளால் இருக்க முடியாது.

இனியன் எழுதிய பகுதிக்குள் முதல்முறையாக நுழைந்தாள். 'கஸ்டமர்' என்று ஒரு கிளாஸ், அதாவது தகவல்களையும் அவற்றைக் கையாளும் வரிகளையும் ஒன்றாகக் கட்டிய பகுதி. வாடிக்கையாளரின் பெயர், தகப்பன் பெயர், வீட்டு எண், தெரு, போன் எல்லாம் அதில் பிரைவேட் என்று போட்டு அடைத்திருந்தது. பிரைவேட் என்றால் அந்த கிளாசுக்கு வெளியே எழுதிய எதுவும் அவற்றைத் தொட முடியாது. அதுவரை சரி. ஆனால் 'பார்சல்' என்கிற கிளாசை இனியன் தனியாக எழுதவில்லை. கஸ்டமர் கிளாசின் அடைப்புக்குறிக்குள்ளேயே எழுதியிருந்தார்.

ஒரு கிளாசுக்குள் எழுதிய கிளாசுக்கு, வெளி கிளாசின் பிரைவேட் விஷயங்கள் எல்லாம் தன்னுடையவை மாதிரி. கேட்க வேண்டாம், அனுமதி வேண்டாம், பெயரைச் சொன்னால் கிடைக்கும். பார்சலைப் பகுதிவாரியாகப் பிரிக்கத் தெருவின் பெயர் தேவைப்பட்டிருக்கிறது. சுலபமாக எடுக்கலாம் என்று உள்ளே எழுதிவிட்டார். இப்படி எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு பார்சலும் தான் எந்த கஸ்டமருக்கு உரியது என்கிற இணைப்பைக் கூடவே வைத்திருக்க வேண்டும். அந்த இணைப்பை யாரும் எழுதுவதில்லை. எழுதியதைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ப மாற்றும் கம்பைலர் தானாகவே சேர்த்துவிடும். எழுதிய கோப்பில் தேடினால் கண்ணில் படாது.

வேண்டா ஒரு பொய்யான கஸ்டமரை உண்டாக்கினாள். அதற்கு ஒரு பார்சல் போட்டாள். டிரைவரின் போனுக்கு அனுப்புவதுபோல அனுப்பி, அந்தப் பக்கம் வந்து சேர்ந்ததைத் திறந்து பார்த்தாள். பார்சல் தனியாக வரவில்லை. அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு முழு கஸ்டமரும் வந்திருந்தது. டிரைவர் செயலியில் சோதனைக்காக வைத்து எடுக்க மறந்த ஒரு விவரத் திரை இருந்தது. பார்சல் எண்ணை விரலால் கொஞ்ச நேரம் அழுத்தினால் வந்ததையெல்லாம் அப்படியே காட்டும்.

முட்டிப்பட்டையை எடுத்து வந்த வேனில், செல்லம்மா மருந்துக்கடைக்குப் போகும் பார்சலில் ரெபேக்காள் பெயரைக் கண்டு அழுத்திப் பார்த்தவனுக்கு, 'வேண்டா, தகப்பன் பெயர் முனிசாமி' என்று திரை சொல்லியிருக்கிறது. தெருவையும் சொல்லியிருக்கிறது.

அவள் மென்பொருளின் பிரதி ஒன்றில் பார்சல் கிளாசின் முன்னால் 'ஸ்டாடிக்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்தாள். உள்ளே எழுதிய கிளாசுக்கு ஸ்டாடிக் போட்டுவிட்டால் வெளி கிளாசோடு இணைப்பு அதற்குக் கிடையாது. வேண்டியதை யாராவது கையில் கொடுத்தால்தான் உண்டு. சேர்த்த மறுகணம் திரை முழுக்கச் சிவப்புக் கோடுகள் முளைத்தன. பார்சல் இதுவரை கேட்காமல் கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. வீட்டு எண்ணில், தகப்பன் பெயரில், போனில்.

ஜெபக்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனுக்கு ஒரு வரியும் புரியவில்லை. ஆனால் கடைசித் திரையில் ஒரு முழு விலாசம் தெரிந்ததைப் படித்தான். சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். அம்மா செத்ததிலிருந்து அன்றைக்குத்தான் அழுதான்.

இனியன் கெட்டவர் இல்லை. அவர் செங்கல்பட்டு ஆபீசில், அவள் காட்டியதைத் தானே ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"நான் இன்னிக்கே மாத்திடறேன். டிரைவருங்க எல்லாருக்கும் புது செயலி போயிடும். ஆனா இத வெளிய சொல்லாத வேண்டா. கம்பெனி அவ்ளோதான். எட்டு பேரு வூட்ல அடுப்பு எரியாது."

"சார், எங்க அத்தய நான் மடியில வச்சிகினு போனேன்."

"அவன் வெட்டினான்னு ஊரே பாத்துச்சி. கேஸ் நிக்கும். இது எதுக்கு?"

அவளும் அப்போது அப்படித்தான் நினைத்தாள். கேஸ் நிற்கும், இது எதற்கு. வழக்கு செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றத்துக்கு வந்து, தமிழ்வாணனின் வக்கீல் வாயைத் திறந்த பிறகுதான் எதற்கு என்று தெரிந்தது.

வக்கீல் சொன்ன கதை இதுதான். அக்காளே தம்பியை வரச்சொன்னாள். சமாதானம் பேசப் பார்சலும் கையுமாகப் பாசத்தோடு போனான். அங்கே வாய்த்தகராறு. அக்காள் கொதிக்கிற தண்ணீரை முகத்தில் ஊற்றினாள். வலியில், ஆத்திரத்தில், அந்த வீட்டுச் சமையல்கட்டில் கிடந்த கத்தியையே எடுத்து வீசினான். குறுக்கே வந்த கிழவி செத்துப்போனாள். திட்டமும் இல்லை, எண்ணமும் இல்லை. ஆகவே இது கொலை அல்ல. ஆதாரம்? டிரைவர்களுக்கு வாடிக்கையாளர் விலாசம் தெரியாது என்று மென்பொருள் கம்பெனியே எழுதிக்கொடுத்த உறுதி. அக்காள் சொல்லாமல் விலாசம் அவனுக்கு எப்படித் தெரியும்?

கூண்டில் நின்ற தமிழ்வாணனின் பாதி முகம் உருகி இறுகியிருந்தது. ஒரு கண் மூடவில்லை. அந்தக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேண்டா நேராக இனியனிடம் போனாள். "அந்தப் பழைய பிரதிய போலீசுக்குக் குடுங்க சார். நீங்க குடுக்கலன்னா நானே சொல்லுவேன், அவங்க வந்து எடுப்பாங்க. எப்டியும் நான் சொல்லத்தான் போறேன்" என்றாள். இனியன் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அவள் அசையவில்லை. பழைய பிரதியையும், எந்த போனிலிருந்து எந்தப் பார்சலின் விவரத் திரை திறக்கப்பட்டது என்று கம்ப்யூட்டர் தானாகக் குறித்து வைத்திருந்ததையும் அவர் போலீசிடம் ஒப்படைத்தார். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சாட்சி சொன்ன நாளில் நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா. பூட்டியிருந்த விலாசம் எப்படி வெளியே போச்சு?"

வேண்டா சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "விலாசம் இருந்தது கஸ்டமர்ன்ற பகுதில மேடம். அது பூட்டித்தான் இருந்துது. ஆனா பார்சலுக்கான பகுதிய அதுக்கு உள்ளயே எழுதிட்டாங்க. உள்ள எழுதினதுக்கு, வெளிய சுத்தி இருக்கறதோட பூட்டு செல்லாது. அந்த மொழியோட விதியே அதான். எல்லாத்தையும் கேக்காமலே எடுக்கலாம். அப்டி எடுக்கறதுக்காக ஒவ்வொரு பார்சலும் அதோட கஸ்டமரக் கெட்டியாப் புடிச்சிகினே இருக்கும். நாம எழுத வேணாம், தானா புடிச்சிக்கும். பார்சல டிரைவர் போனுக்கு அனுப்பினா, புடிச்ச கையோட கஸ்டமரும் போவும். பேரு, அப்பா பேரு, தெரு எல்லாம்."

வக்கீல் எழுந்தார். "அப்ப உங்க கம்பெனி எழுதிக்கொடுத்தது பொய்யா?"

"தப்பு சார். பூட்டிட்டோம்னு நம்பி எழுதினது."

"இந்த ஓட்டையை நீங்களே செஞ்சு வெச்சுட்டு இப்ப கதை சொல்றீங்கன்னு நான் சொல்றேன்."

"அது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே எழுதினது. எந்தத் தேதில யார் எழுதினாங்கன்னு அதுலயே கீது சார். போலீஸ் கையில குடுத்தாச்சி."

"உன் தம்பி மேல கொதிக்கற தண்ணிய ஊத்தினியா இல்லியா?"

மரியாதை குறைந்ததை நீதிமன்றம் கவனித்தது. வேண்டா கையை விரித்து உள்ளங்கைத் தழும்பைக் காட்டினாள். "ஊத்தினேன். அதுக்குள்ள எங்க அத்தய மூணு வெட்டு வெட்டிட்டான். அவங்க மேல மிதிச்சிதான் உள்ள வந்தான். மறுபடி வந்தாலும் ஊத்துவேன்."

போலீசின் கம்ப்யூட்டர் நிபுணர் அவள் சொன்னதைச் சோதித்து உறுதி செய்தார். தமிழ்வாணனின் போனிலிருந்து அந்த விவரத் திரை கொலைக்கு முந்திய நாட்களில் திரும்பத் திரும்பத் திறக்கப்பட்டிருந்தது. மதுராந்தகத்தில் கத்தி அடித்துக்கொடுத்த கொல்லரும் வந்து அடையாளம் காட்டினார். சமாதானக் கதை அதோடு விழுந்தது.

வேண்டா சாட்சி சொன்ன அன்று நீதிமன்ற வளாகத்தில் அம்மா வசந்தா காத்திருந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மகளைப் பார்க்கிறாள். இளைத்துப்போயிருந்தாள், மேல்பல் ஒன்று இல்லை. வேண்டா "அம்மா" என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். வசந்தா குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரினாள்.

"ஒத்தப் புள்ளயத் தூக்குல ஏத்திட்டியேடி! நீ வெளங்குவியா? உன் வயிறு தெறக்குமா?"

மண் வேண்டாவின் கண்ணிலும் வாயிலும் விழுந்தது. மறுபடி வாரினாள், மறுபடி எறிந்தாள். பின்னால் நின்ற முனிசாமி பாய்ந்து வந்து வேண்டாவின் கன்னத்தில் அறைந்தார். போலீஸ்காரர்கள் அவரைப் பிடித்து இழுத்துப்போனபோது காலால் உதைத்துக்கொண்டே போனார். வேண்டா திருப்பிக் கை ஓங்கவில்லை. வாயிலிருந்த மண்ணைத் துப்பினாள். "அம்மா, நீயாவது அந்த வூட்டவுட்டு வந்துடும்மா" என்றாள். அது வசந்தா காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

தீர்ப்பு ஆயுள் தண்டனை. வேனில் ஏற்றும்போது தமிழ்வாணன் கூட்டத்தின் தலைக்கு மேல் கத்தினான்: "அப்பீல் கீதுடி! வெளிய வந்தா மொதல்ல நீதான்!"

"வா" என்றாள் வேண்டா. சத்தமாகத்தான் சொன்னாள்.

பார்சல் நிறுவனம் இனியனோடு வைத்திருந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. கம்பெனி மூடியது. வேண்டாவுக்கு அடுத்த வேலை கிடைக்கப் பல மாதம் ஆனது. கோர்ட்டில் கம்பெனியைக் காட்டிக்கொடுத்தவள் என்று இரண்டு இடத்தில் நேர்முகத்திலேயே சொன்னார்கள். மூன்றாவது இடத்தில், ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு கம்பெனியில், அதற்காகவே சேர்த்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு வந்த அன்று பைக்கில் வீடு திரும்பும்போது, திருக்கழுக்குன்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஜெபக்குமார் வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்காமல், முன்னால் பார்த்தபடியே பேசினான்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில உன்ன அப்டிக் கேட்டிருக்கக் கூடாது நான்."

"கேக்காம இருந்திருந்தா நான் தேடியிருக்க மாட்டேன்."

"அதுக்காகக் கேட்டது சரின்னு ஆயிடுமா?"

"ஆவாது" என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். எதிர்ப்பக்கம் டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். "பசிக்கிதா?" என்று கேட்டான். காலையிலிருந்து இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. அவள் இறங்கி, லாரி ஒன்று போகட்டும் என்று நின்று, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.